பொன்னெழுத்துப் பதிய எந்தத் தாள்?



நோன்புப் பெருநாள் கழிந்துவிட்டால் நமது மலைநாட்டு ஊர்களில் கலியாணப் பேச்சுத்தான். அக்குறணையானாலும் மடவளையானாலும் கம்பளையானாலும், மண்டபம் பிடித்தாயிற்றா, சாப்பாட்டுக்கு ஆள் சொல்லியாயிற்றா என்ற கேள்விகளுக்கு அடுத்தபடியாக வருவது, “கார்ட் அடித்தாயிற்றா?” என்ற கேள்வி. அக்குறணையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மகளின் நிகாஹ் அழைப்பிதழில் பிஸ்மில்லாஹ்வைத் தங்க நிறத்தில் பதிக்க வேண்டுமென்று மாப்பிள்ளை வீட்டாருக்கும் ஆசை, தமக்கும் ஆசை. அச்சகத்தில் காட்டிய மாதிரி கண்ணாடிபோலப் பளபளத்ததாம். வீட்டுக்கு வந்த அட்டைகளிலோ பொன் திட்டுத்திட்டாக நின்றதாம். விரல் பட்டால் உதிர்ந்ததாம். “இதற்கு எந்தக் கடதாசி வாங்க வேண்டும்? இது வீண்விரயமும் ஆகுமா?” என்று கேட்கிறார்.

பொன் எழுத்தைப் பற்றி எழுதுவதற்கு ஒரு பக்கமா என்று சில பெரியவர்கள் நினைக்கலாம். அவர்களுக்காக முதலில் ஒரே ஒரு விடயத்தைச் சொல்லிவிடுகிறேன். பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம் என்ற வாக்கியத்தை அரபியில் எழுதினால் அதில் மொத்தம் நான்கு புள்ளிகள்தான். ‘பே’க்கு ஒன்று, ‘நூனு’க்கு ஒன்று, ‘யே’க்கு இரண்டு. ‘ரஹீம்’ என்ற சொல்லிலுள்ள ‘ஹே’க்குப் புள்ளியே கிடையாது. அந்த ‘ஹே’யின் வயிற்றுக்குள் ஒரே ஒரு புள்ளி விழுந்துவிட்டால் அது ‘ஜீம்’ ஆகிவிடும். அப்போது ‘ரஹீம்’ என்பது ‘ரஜீம்’ ஆகும். ரஜீம் யாருக்குரிய பெயர் என்று அஊது ஓதத் தெரிந்த சின்னப் பிள்ளையும் சொல்லும். அருளாளனின் திருநாமம் இருக்க வேண்டிய இடத்தில் விரட்டப்பட்டவனின் பெயர்! நஊது பில்லாஹ். சரியில்லாத தாளில், சரியில்லாத சூட்டில் பொன் பதித்தால் சிந்துவது இப்படியான சின்னஞ்சிறு பொட்டுகள்தான். ஆகவே கடதாசித் தெரிவு என்பது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல.

நமது வாப்பும்மா, உம்மும்மாமாருக்குப் புள்ளியின் அருமை நன்றாகத் தெரியும். அவர்கள் வாசித்த அரபுத் தமிழில், அரபியில் இல்லாத நமது தமிழ் ஓசைகளுக்காக எழுத்துகளின் மேலும் கீழும் கூடுதல் புள்ளிகளை இட்டுத்தான் நமது ஆலிம்கள் சமாளித்தார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் ‘பத்ஹுத் தய்யான்’ இலங்கையில் எத்தனை வீடுகளில் புழங்கியது! அந்த நூல்களைக் கையிலெடுத்த பெண்கள் புள்ளியைத் தவறவிட்டால் சொல்லையே தவறவிடுவார்கள். கண்டியில் 1838ஆம் ஆண்டு பிறந்த அறிஞர் சித்தி லெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, அச்செழுத்தின் வலிமையை நம்மவருக்குக் காட்டினார். அந்த ஊரில் இருந்துகொண்டு அச்சு விடயத்தில் நாம் ஏமாறலாமா?

சரி, இந்தப் பொன் என்ன பொன்? தங்கம் அல்லவே அல்ல. அச்சகத்தார் ‘ஃபொயில்’ என்று சொல்லும் அந்தச் சுருளைக் கையில் வாங்கிப் பாருங்கள். மெல்லிய பொலியெஸ்டர் பிலிம்; ஒரு மில்லிமீற்றரை நூறு பங்காக்கினால் ஒரு பங்கைவிடச் சற்றே தடிப்பு. அதன்மேல் சூடு பட்டால் கழன்றுவிடும் மெழுகு போன்ற ஒரு படை. அடுத்தது மஞ்சள் சாயமேற்றிய வார்னிஷ். அதற்கடுத்து, காற்றில்லாத கலத்தில் ஆவியாக்கிப் படியவைத்த அலுமினியம். கடைசியாகச் சூட்டில் உருகி ஒட்டும் பசை. அலுமினியத்தின் வெள்ளி மினுக்கத்தை மஞ்சள் வார்னிஷ் ஊடாகப் பார்க்கிறோம், நமது கண்ணுக்கு அது தங்கமாகத் தெரிகிறது. சாயத்தைப் பச்சையாக்கினால் பச்சை ஃபொயில், சாயமே இல்லாவிட்டால் வெள்ளி ஃபொயில். இதில் தங்கம் என்று நினைத்து மார்க்கச் சட்டம் தேட வேண்டியதில்லை. வீண்விரயம் என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

எழுத்தை உலோகத் தகட்டில் மேடாக வெட்டிய ‘பிளொக்’கைச் சூடாக்கி, இடையில் ஃபொயிலை ஓடவிட்டு, தாளின் மேல் அழுத்துவார்கள். பழைய ஹைடல்பர்க் பிளேட்டன் இயந்திரங்களையே இதற்கு மாற்றிப் பயன்படுத்துபவர்களும் உண்டு. சூடு பெரும்பாலும் 100 பாகை செல்சியசுக்கும் 150 பாகைக்கும் இடையில். சூடு, அழுத்தம், அழுத்தி வைத்திருக்கும் நேரம் ஆகிய மூன்றும் தாளுக்குத் தாள் மாறும். இங்கேதான் மேற்சொன்ன சகோதரி மாட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். வழுவழுப்பான ஆட் போர்ட்டில் பதித்த மாதிரியைப் பார்த்துவிட்டு, ‘கொஞ்சம் கிராண்டாக இருக்கட்டும்’ என்று கோடு கோடாக வரி ஓடிய அட்டையைத் தெரிவு செய்திருப்பார். மாதிரியும் சரி, அட்டையும் சரி. இரண்டும் ஒன்றுக்கொன்று சேராதவை.

வரி ஓடிய அட்டை, துணிபோல நெசவு தெரியும் அட்டை, சுத்தியலால் தட்டியது போன்ற அட்டை, கைக்கடதாசி ஆகியவற்றைத் தடவிப் பாருங்கள். மேடும் பள்ளமுமாக இருக்கும். சூடான பிளொக் மேட்டைத் தொடும், பள்ளத்தைத் தொடாது. தொடாத இடத்தில் பசை உருகாது, பொன் நில்லாது. பெரிய பூவோ தடித்த கட்டமோ என்றால் இந்தத் திட்டே ஒரு அழகாகத் தெரியலாம். ஆனால் ஸபர், ஸேர், பேஷ் எல்லாம் போட்ட அரபு எழுத்துக்கு இது ஆகாது. பள்ளத்தில் விழுந்த புள்ளி போயே போய்விடும். அச்சகத்தார் விடாமல் அழுத்தத்தைக் கூட்டினால் பள்ளம் நிரம்பும்தான். கூடவே எழுத்தின் ஓரம் பிதுங்கி, ‘மீம்’, ‘ஹா’ ஆகியவற்றின் வட்டங்கள் அடைபட்டுப் போகும்.

அப்படியானால் எது நல்லது? பூச்சுப் பூசாத, ஆனால் மேற்பரப்பு வழுவழுப்பாக அழுத்தப்பட்ட வெள்ளை அல்லது தந்த நிற அட்டை. 250 முதல் 300 ஜீஎஸ்எம் வரை. என் கணிப்பில் நிகாஹ் அட்டைக்கு இதை மிஞ்ச ஒன்றில்லை. பொன் கூர்மையாகப் பதியும், மை நன்றாகக் காயும், மடித்தால் உடையாது, கையில் பிடித்தால் கனமும் இருக்கும். பூச்சுப் பூசிய ஆட் போர்ட்டிலும் பொன் மிகக் கூர்மையாக வரும்; ஆனால் மடிப்பில் பூச்சு வெடித்து வெள்ளைக் கீறல் தெரியும் என்பதால் மடிப்பில்லாத ஒற்றை அட்டைக்கே அதை வைத்துக்கொள்ளலாம். பஞ்சில் செய்த தடித்த மெத்தென்ற தாள் ஒன்று உண்டு, விலை கூடியது. அதில் பொன் ஆழமாக இறங்கி, செதுக்கியது போல நிற்கும். ஆனால் அதற்கு வெட்டாழம் கூடிய பிளொக் வேண்டும். ஆழம் குறைந்த பிளொக்கை மெத்தென்ற தாளில் அழுத்தினால் எழுத்து மட்டுமன்றி எழுத்துக்கு இடையிலுள்ள தகட்டின் அடித்தளமும் தாளைத் தொட்டுவிடும். தொட்ட இடத்தில் பொட்டு விழும். ‘ஹே’யின் வயிற்றுக்குள் வேண்டாத புள்ளி வரும் வழி இதுதான்.

முத்துப்போல மினுங்கும் அட்டைகளுக்கு இப்போது மவுசு. அவற்றிலும் ஃபொயில் ஒட்டும். ஆனால் மினுங்கும் தாளில் மினுங்கும் எழுத்து, மினுங்கும் சேலைக்கு மினுங்கும் ஜாக்கெட் போட்ட மாதிரி, எதுவும் எடுபடாது. கடும் பச்சை, குங்கும நிறம், கருநீலம் போன்ற ஆழ்ந்த நிற அட்டையில் பொன் எடுப்பாகத் தெரியும். ஆனால் சாதாரண மை அதில் தெரியாது. ஆகவே எல்லா எழுத்தையும் பொன்னிலேயே பதிக்க வேண்டிவரும், செலவு ஏறும். வெளியே நிற அட்டை, உள்ளே வெள்ளைத் தாள் என்று பிரித்துக்கொள்வது கெட்டித்தனம். ஊடுருவித் தெரியும் டிரேசிங் தாளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். சூடு பட்டதும் சுருளும், ஈரம் பட்டதும் நெளியும்.

ஈரம் என்றதும் நமது ஊரை நினைத்தே ஆக வேண்டும். கண்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில், மலைகளுக்கிடையில், மகாவலி வளைந்து ஓடும் இடத்தில் இருக்கிறது. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரமானால் இடியும் மழையும். அலுமாரியில் வைத்த துணியே பூஞ்சணம் பிடிக்கும்போது கடதாசியை மட்டும் ஈரம் விட்டுவைக்குமா? கடதாசி காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான். ஈரமான அட்டையில் 120 பாகைச் சூட்டை வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி மேலே வர முயலும். பசைக்கும் தாளுக்கும் இடையில் அது புகுந்தால் ஒட்டு பலமில்லாமல் போகும், அட்டையும் வளையும். கொழும்பில் மலிபன் வீதியிலிருந்து அட்டை வாங்கி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வருபவர்கள், பொலித்தீன் சுற்றோடு கொண்டுவந்து, மழை விட்ட நாளில் அச்சகத்தில் கொடுத்து, அந்த அறையின் காற்றுக்கே ஒரு நாள் பழகவிடச் சொல்லுங்கள். நல்ல அச்சகத்தாருக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. அவசரப்படுத்துவது பெரும்பாலும் நாம்தான்.

அவசரத்தால் வரும் இன்னொரு கேடு மை காயாமை. பூவும் கொடியும் நிற மையில் அச்சடித்து, அதன் மேலேயே பொன் பதிக்கச் சொல்கிறோம். ஈர மையில் பொன் ஒட்டாது; அல்லது ஒட்டக்கூடாத இடத்திலெல்லாம் ஒட்டும். சில மைகளில் உரசல் தாங்குவதற்காக மெழுகு கலந்திருப்பார்கள். சில வார்னிஷ்களில் சிலிக்கோன் இருக்கும். இரண்டுமே பொன்னைத் தள்ளிவிடும். மை காய இரண்டு நாளாவது விடுங்கள். பொன் பதியும் இடத்தில் மையே இல்லாமல் வெறும் தாளாக விட்டு டிசைன் செய்வது இன்னும் நல்லது. மேலே பிளாஸ்டிக் லெமினேட் செய்த அட்டையில் பொன் பதிப்பதற்கு அதற்கென்றே வேறு வகை ஃபொயில் உண்டு. ‘எல்லாம் ஒன்றுதான்’ என்று சொல்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

பிளொக் எதில் வெட்டியது என்றும் கேளுங்கள். மெக்னீசியம், துத்தநாகத் தகடுகள் மலிவு. சில நூறு அட்டைகளுக்குப் போதும். நுண்ணிய வேலைக்குச் செம்பு நல்லது, பித்தளை அதனினும் உழைக்கும். மெல்லிய கோடு கால் மில்லிமீற்றருக்குக் குறையாமலும், இரண்டு கோட்டுக்கு இடையிலான வெளி அரை மில்லிமீற்றர் அளவிலும் இருந்தால் அடைபடும் பயம் குறைவு. இது அரபுக்கு மட்டுமல்ல. நமது தமிழில் ‘ண’வும் ‘ஞ’வும் சுழி நிறைந்தவை, ‘அல்லாஹ்’ என்பதன் கடைசி எழுத்தின் மேல் ஒரு புள்ளி இருக்கிறது. அட்டையின் அடியில் பொடி எழுத்தில் உறவினர் பெயர்களையும் பொன்னில் பதித்தால் சுழியெல்லாம் மூடி, வயதானவர்கள் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்து வாசிக்க வேண்டியிருக்கும். வாசிப்பதற்குக் கறுப்பு மை, பார்ப்பதற்குப் பொன்.

இதை நான் புதிதாகச் சொல்லவில்லை. பக்தாதில் ஹிஜ்ரி 391இல், அதாவது 1000–1001இல், இப்னுல் பவ்வாப் என்ற பெரும் எழுத்தாளர் கையால் எழுதிய முஸ்ஹப் இன்று அயர்லாந்தின் டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது. தாளில் எழுதப்பட்டது. ஆயத்துகளைக் கபில நிற மையில்தான் எழுதினார். பொன்னோ சூராத் தலைப்புகளிலும் அலங்காரங்களிலும். ஓத வேண்டியது மையில், கண்ணை நிறுத்த வேண்டியது பொன்னில். உண்மைத் தங்கத்தைக் கையாண்டவர்களே இவ்வளவு அடக்கமாகக் கையாண்டிருக்க, அலுமினியத்தை நாம் ஏன் அட்டை முழுக்க அப்ப வேண்டும்?

இனி அந்த அரபு எழுத்து எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கம்பியூட்டரில் டிசைன் செய்யும் தம்பிக்கு அரபு தெரியாமலிருக்கலாம். அரபுக்கு இசைவில்லாத மென்பொருளில் ஆயத்தை ஒட்டினால் எழுத்துகள் தனித்தனியாகப் பிரிந்து, இடமிருந்து வலமாகத் திரும்பியும் நிற்கும். தெரியாத கண்ணுக்கு அதுவும் அரபுதான். சென்னை பாரிமுனையின் ஆண்டர்சன் தெருவில் ஆயத்தமாக விற்கும் அட்டைகளை வாங்கி வருபவர்கள் நம்மில் உண்டு. பொன் முத்திரை ஏற்கனவே பதித்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். அதிலுள்ள அரபையும் வாங்குவதற்கு முன் வாசியுங்கள். பிளொக் வெட்டுவதற்கு முன் அச்சுப்பிரதியை எடுத்து, ஊர்ப் பள்ளி ஹஸ்ரத்திடமோ, வீட்டில் ஹிப்ழு மனனம் செய்யும் பிள்ளையிடமோ கொடுத்துப் புள்ளி புள்ளியாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிளொக் வெட்டியபின் திருத்தம் என்பது புது பிளொக்தான்.

பிறகு, நீங்கள் வாங்கிய அதே அட்டையில், அதே ஃபொயிலில் நாலைந்து பிரதி பதித்துத் தரச் சொல்லுங்கள். நகத்தால் இலேசாகச் சுரண்டுங்கள். செலோடேப்பை ஒட்டி மெதுவாக உரியுங்கள். பொன் டேப்போடு வந்தால் சூடு போதாது அல்லது ஃபொயில் அந்தத் தாளுக்குரியதல்ல. எழுத்தைச் சுற்றிப் பொடிப்பொடியாகப் பொட்டுகள் இருந்தால் சூடு கூடியிருக்கலாம், பிளொக்கின் ஆழம் குறைந்திருக்கலாம். பூதக்கண்ணாடி வைத்து அந்த நான்கு புள்ளிகளையும் எண்ணுங்கள். நான்குக்கு மேல் ஐந்தாவது ஒன்று கண்ணில் பட்டால் அன்றைக்கு வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். முழுத்தொகையையும் முன்பணமாகக் கொடுத்தவர்களுக்கு இப்படிச் சொல்ல நா எழாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வீண்விரயமா என்ற கேள்விக்கு வருவோம். அன்னை ஸைனப் (ரலி) அவர்களின் வலீமாவுக்கு நபி (ஸல்) அவர்கள் அனஸ் (ரலி) அவர்களை அனுப்பி, வாயால்தான் ஆட்களை அழைத்தார்கள். அட்டை மார்க்கத்தின் கடமையல்ல என்பது இதிலிருந்தே தெரியும். 2022 மார்ச்சில் நமது நாட்டில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடாமல் நிறுத்தின. அந்த ஆண்டிலும் கலியாணங்கள் நடந்தன. தொலைபேசியில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு, முக்கியமான வீடுகளுக்கு நேரில் போய்ச் சொன்னவர்களை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நமது ஊர் வழக்கமும் உங்களுக்குத் தெரியும். பெரியம்மாவுக்கும் மூத்த மாமாவுக்கும் கையில் அட்டை கொடுத்துச் சொல்லாவிட்டால் ‘போனில் கூப்பிட்ட கலியாணம்’ என்று பத்து வருடம் பேசுவார்கள். ஆகவே என் அபிப்பிராயம்: கையில் கொடுக்க வேண்டிய நூறு வீட்டுக்கு நல்ல அட்டை, சிறிதளவு பொன், மற்றவர்களுக்குப் போன். ஐந்நூறு அட்டை அடித்து முந்நூறை அலுமாரியில் வைப்பதே விரயம். பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை வீட்டாரின் அட்டைக்கு ஈடாக அடிக்க வேண்டும் என்று கடன்படுவது விரயத்திலும் கூடியது. அதைத் தட்டிக்கேட்க வேண்டியவர்கள் மாப்பிள்ளையின் உம்மாவும் ராத்தாமாரும்தான்.

அட்டையில் பிஸ்மில்லாஹ் போடலாமா என்பதில் ஆலிம்களிடையே இரு கருத்து உண்டு. ஸுலைமான் நபி (அலை) ஸபா நாட்டு அரசிக்கு எழுதிய கடிதம் பிஸ்மில்லாஹ்வோடு தொடங்கியதை ‘அந்நம்ல்’ அத்தியாயம் சொல்கிறது. நபி (ஸல்) அவர்கள் ரோம மன்னர் ஹெர்குலிஸுக்கு அனுப்பிய கடிதமும் அப்படியே. பெற்றவர்கள் முஸ்லிம்களல்லர் என்பதால் கடிதம் நிறுத்தப்படவில்லை. நமது பக்கத்து வீட்டுச் சிங்களச் சகோதரருக்கும் அதே அட்டையைக் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை என்று இதை வைத்துச் சொல்வார்கள். மறுதரப்பார் கலியாணம் முடிந்தபின் அந்த அட்டை எங்கே கிடக்கிறது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கண்டி நகரக் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்ட இடம், மகாவலிக் கரையிலுள்ள கொஹாகொட. நம் கூடையில் போடும் அட்டை அந்த வழியாகத்தான் போகும். 786 என்று இலக்கம் போட்டால் தப்பிவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். எண்ணைக் கூட்டிப் போடுவது பிஸ்மில்லாஹ் ஆகாது என்று பல உலமாக்கள் சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் அதில் மனம் ஒப்பவில்லை. போடுவதானால் ஒழுங்காகப் போடுங்கள், இல்லாவிட்டால் வாயால் சொல்லிவிட்டு ஒரு பூவைப் பதியுங்கள்.

கடதாசித் தெரிவு இங்கேயும் வந்து நிற்கிறது. உதுமான் (ரலி) அவர்கள் ஒரே பிரதியை நிலைநிறுத்தியபோது மற்றப் பிரதிகளை எரிக்கச் சொன்னார்கள். அதைப் பின்பற்றி நாமும் திருநாமம் எழுதிய பழைய தாள்களை எரித்துச் சாம்பலைப் புதைக்கிறோம். வெறும் தாளில் பதித்த பொன்னில் உலோகம் மிகச் சொற்பம், தாளோடு சாம்பலாகிவிடும். லெமினேட் செய்த அட்டை அப்படியல்ல. பிளாஸ்டிக் உருகி, நாறி, எழுத்தோடு கட்டியாகிக் கிடக்கும். லெமினேட்டிங் வேண்டாம் என்று நான் சொல்வதற்கு விலை மட்டும் காரணமல்ல. அதேபோல உறையின் மேல் பிஸ்மில்லாஹ்வோ அல்லாஹ்வின் திருநாமமோ வேண்டாம். தபால் முத்திரை அதன்மேல் விழும். உறையைக் கிழித்துத்தான் திறப்பார்கள்.

வீட்டிலேயே இந்த வேலையைச் செய்து நாலு காசு பார்க்கலாமா என்று உடத்தலவின்னைப் பக்கத்துத் தங்கை ஒருவர் கேட்டிருக்கிறார். தாராளமாகச் செய்யலாம், ஆனால் அது வேறு முறை, ஃபொயிலும் வேறு. லேசர் பிரிண்டரில் கறுப்பு டோனரால் எழுத்தை அச்சடித்து, அதன்மேல் டோனருக்கென்று விற்கும் ஃபொயிலை நிறப்பக்கம் மேலே தெரிய வைத்து, சூடான லெமினேட்டிங் இயந்திரத்துக்குள் விட்டு எடுத்தால், டோனர் இளகி ஃபொயிலைப் பிடித்துக்கொள்ளும். ஆறியபின் உரிக்க வேண்டும். சூட்டோடு உரித்தால் ஓரம் பிய்யும். மை தெளிக்கும் இன்க்ஜெட் பிரிண்டர் இதற்கு உதவாது, அதில் இளகுவதற்கு ஒன்றுமில்லை. கொமியுனிகேஷன் கடையில் எடுக்கும் ஃபோட்டோ கொப்பியும் டோனர்தான் என்பதால் முதலில் அதை வைத்தே பழகலாம். தாள் வழுவழுப்பாக இருக்க வேண்டும் என்பது இங்கே இன்னும் கண்டிப்பு. ஏனென்றால் இங்கே உருளையின் அழுத்தம் பிளொக்கின் அழுத்தத்தில் ஒரு பங்கும் வராது. நெசவுத் தாளில் முயன்றால் டோனரே சரியாகப் படியாது. பெருநாள் வாழ்த்து, குர்ஆன் தமாம் செய்த பிள்ளைக்குக் கொடுக்கும் சான்றிதழ், பெயர் வைக்கும் நாளுக்கான சின்ன அட்டை ஆகியவற்றுக்கு இது போதும். ஐந்நூறு கலியாணக் கார்ட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொன்றாக உள்ளே விட்டு எடுத்துக் கை ஓய்ந்துவிடும்.

இயந்திரம் வாங்கும்போது அட்டை எந்தத் தடிப்புவரை உள்ளே போகும் என்று கேட்டு வாங்குங்கள்; சில இயந்திரங்கள் மெல்லிய தாளுக்கு மட்டுமே. ஃபொயில் சுருளை ஈரமில்லாத டப்பாவில், வெயில் படாமல் வையுங்கள். உறைகளை அட்டை வாங்கும் அன்றே வாங்கிவிடுங்கள், பொன் பதித்த ஓர் அட்டையைப் போட்டு எடுத்துப் பார்த்து. இறுக்கமான உறையானால் நுழைக்கும்போதே உரசிப் புள்ளி போய்விடும்.